உப்புத் தரையில் எண்பது மைல்

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததும் 'சுர்' என்கிறது. இத்தனை வயதுக்கப்புறமும் ஒரு நொடி கரண்டியோடு நின்றுவிடுகிறேன்.

எழுபதுகளில் ஒரு சித்திரை மாதம். பழவேற்காடு ஏரி வற்றி, எங்கள் ஊர்ப் பக்கம் தரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய மோட்டார் பைக்கை அதன்மேல் எண்பது மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டுவதாக அப்பா ஊரெல்லாம் சவால் விட்டிருந்தார். அன்று வண்டியோடு தூரத்தில் புள்ளியாக மறைந்தவர் கத்திக்கொண்டே திரும்பினார்.

"தாண்டிச்சிமே! முள்ளு எண்பதத் தாண்டிச்சி!"

அம்மா ஓடினாள். வண்டி முழுக்க உப்பு. "உப்பு பட்டா உடனே கழுவணும், இல்லாங்காட்டி இரும்பத் தின்னுடும்" என்று தினமும் சொன்னவர் அப்பாதான். இரண்டு மைல் நடந்து கொண்டுவந்த குடிதண்ணீரைக் குடத்தோடு இன்ஜின்மேல் கவிழ்த்தாள்.

சுர்ரென்று ஆவி எழுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். கொதித்துக்கொண்டிருந்த இரும்பு விரிசல் விட்டுவிட்டது.

"இன்னா ஆச்சிங்க?" வெறுங்குடத்தோடு நின்றாள் அம்மா.

அப்பா சுடுவதையும் பாராமல் விரிசலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லமே."

அந்த வண்டி பிறகு ஓடவே இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சாகும்வரை அப்பா ஒரே பதில்தான் சொன்னார்.

"உப்பு தின்னுடுச்சிப்பா."