மூணாவது கூப்பாடு

மொத ஜெர்மன் சண்டை நின்ன வருஷம். மழை ஏமாத்திடுச்சு, செம்பரம்பாக்கம் ஏரி பாதிகூட ரொம்பல. ஊரெல்லாம் வெஷக்காய்ச்சல்.

நான் அப்போ நீர்க்கட்டி. வயலுக்கு மொறை வச்சு ஏரித்தண்ணி திருப்புறது என் வேலை. விடியக்காலையில மொறைக்காரன் ஊட்டு வாசல்ல நின்னு மூணு தரம் கூப்பிடுவேன். பதில் வரலேன்னா மொறை அடுத்த ஊட்டுக்குப் போயிடும்.

அன்னிக்கு மார்கழிப் பனியில மேலத்தெருவுல நாலு ஊட்டு வாசல்ல கூப்பிட்டேன். சத்தமே இல்ல. காய்ச்சலுக்குப் பயந்து உள்ளே எட்டிப் பார்க்காம மொறையைத் தள்ளிக்கினே போனேன்.

அஞ்சாவது ஊட்டுல, மூணாவது கூப்பாட்டுக்கு ஒரு பொண்ணு கொரல் வந்துச்சு.

"அண்ணாத்தே, வயலுக்கு வேணாம். குடிக்க ஒரு சொம்பு குடு."

குடுத்தேன். அவ பொழைச்சா. மத்த நாலு ஊட்டுலயும் சாயங்காலத்துக்குள்ள பொணம் எடுத்தாங்க. கூப்பிடும்போதே செத்திருப்பாங்கன்னு இத்தினி வருஷமா மனசைத் தேத்திக்கினு இருந்தேன்.

இன்னிக்குக் கரையான்சாவடியில, ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நிக்கச்சொல்ல அந்த அஞ்சாவது ஊட்டு முனியம்மாவைப் பார்த்தேன்.

"மூணு தரம் கூப்பிட்டாத்தான் வாய் தொறப்பியா நீ?"ன்னு கேலி பண்ணேன்.

அவ சிரிக்கல. "மொத கூப்பாட்டுக்கே பதில் சொன்னேன் அண்ணாத்தே. தெம்பில்லாத கொரலு, ஒனக்குக் கேக்கல."

எனக்குக் காது மந்தமா, மனசு மந்தமா? நீங்களே சொல்லுங்க. அந்த நாலு ஊட்டுக்காரங்க கொரலைக் கேட்டியான்னு என்னைக் கேக்க, அந்தத் தெருவுல உசுரோட கீற ஒரே ஆளு முனியம்மா.