ஹாலோவீன் அன்று நான் உடைத்த பூசணிக்காய்

அந்த வருஷம் தீபாவளியும், காலேஜ் பிள்ளைகள் கொண்டாடுகிற ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. மைசூரு ஹெப்பாளில், என் கடை வாசலில் நடந்தது இது. கான்கிரீட் போடுவதற்கான சென்ட்ரிங் பலகை, சாமான் வாடகைக்கு விடுகிற கடை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கோபிநத்தம் கிராமத்திலிருந்து ஒரு மாற்றுத் துணியோடு வந்து, சிமென்ட் மூட்டை சுமந்து, இன்று கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே வாடகைக்கு ஒரு மாடி என்று நிற்கிறேன். இந்த வட்டாரத்தில் என் பலகை ஏறாத கட்டடம் குறைவு. பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. அன்று நடந்ததையும் அதே வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேல் மாடியில் காலேஜில் படிக்கிற பெண்கள் குடியிருந்தார்கள். பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட, ஒருத்தி மட்டும் தங்கிவிட்டாள். கொள்ளேகால் பெண். பரீட்சை இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தாளாம். காலையில் பார்த்தால், மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் பூசணிக்காய்க்குக் கண்ணும் பல்லும் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நல்ல நாளும் அதுவுமா என் வீட்டுப் படியில என்னம்மா பேய் மூஞ்சி?" என்று சத்தம் போட்டேன்.

"இன்னிக்கு ஹாலோவீன் அங்கிள். எல்லாரும் பேய் வேஷம் போட்டுட்டு ஃப்ரெண்ட் வீட்டுல சேருவோம். உங்க சைட்டுல எல்லாம் நாக்கை நீட்டிக்கிட்டு ஒரு மூஞ்சி தொங்குதே, அதுக்கு மட்டும் பர்மிஷனா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "அது திருஷ்டிக்கு. இது திமிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கடை ஆட்களிடமும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அமாவாசை பிறந்துவிட்டதால் அன்று மாலையே கடைக்குப் பூஜை போட்டோம். பூஜை முடிந்ததும் வெள்ளைப் பூசணி உடைப்பது வழக்கம். மேலே துளை போட்டு, உள்ளே குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, கடைக்குச் சுற்றிப் போட்டு உடைப்போம். ஓரமாகப் போட்டால் போதும். எனக்கு அது பத்தாது. சந்தையிலேயே பெரிய காயாக வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, நடு ரோட்டில் அடித்தால்தான் திருப்தி. அன்றும் ரோடு முழுக்கச் சிதறியது.

"ஓரமாத் தள்ளி விடச் சொல்லுங்க, வண்டி வருது" என்றாள் மனைவி.

"திருஷ்டி கழிச்சதை யாராச்சும் தொடுவாங்களா? வண்டி ஏறி ஏறி அதுவே போயிரும், போ."

அவள் விளக்கேற்ற மேலே போனாள். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்குப் பொரி கொடுத்து, நானும் கொறித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இறங்கி வந்தாள். வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, வாயோரத்திலிருந்து தாடை வரை சிவப்புப் பெயிண்ட், நெற்றி பிளந்த மாதிரி ஒரு கோடு. ஹெல்மெட் போட்டால் வேஷம் கலையும் என்று அதை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச தூரம் போனவள் எதையோ மறந்துவிட்டாள் போல, வேகமாகத் திரும்பி வந்து எங்கள் வாசலில் பிரேக் பிடித்தாள்.

வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மல்லாந்து கிடந்தாள். முகமெல்லாம் சிவப்பு. கீழேயும் குங்குமச் சிவப்பு.

இரண்டு பேர் ஓடினார்கள். "நம்ம மாடியில இருக்கிற பொண்ணுதான், காலையிலிருந்து இதே கூத்து. அது பெயிண்ட். எந்திரிம்மா, நடிச்சது போதும்!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். என் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஓடினவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தர் செல்போனில் படம் பிடித்தார். "சூப்பர் ஆக்டிங் மாடுத்தாளே!" என்று பக்கத்துக் கடைக்காரர், பிரமாதமாக நடிக்கிறாள் எனக் கன்னடத்தில் பாராட்டினார். நானும் சிரித்தேன்.

மேலேயிருந்து எட்டிப் பார்த்த மனைவி, கையில் எண்ணெயோடு அப்படியே ஓடி வந்தாள். குனிந்து அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டாள்.

"ஐயோ, இது பெயிண்ட் இல்லீங்க! சூடா வருது!"

கிட்டே போனால், முன் சக்கரத்தில் நசுங்கிய பூசணிச் சதை. அவள் தலைமுடியில் பூசணி விதை. மூட்டை மூட்டையாகச் சுமந்த என் கை, அந்தப் பெண்ணைத் தூக்க வரவில்லை. கடை ஆட்கள்தான் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தார். "இது பெயிண்ட்... இது குங்குமம்... காயம் எங்கதான் இருக்கு? எதுல சறுக்குச்சு?"

"ரோடு சரியில்லம்மா" என்றேன். மனைவி என்னையே பார்த்தாள்.

காயம் முடிக்குள்ளே, உச்சியை ஒட்டி இருந்தது. தையல் போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். ஸ்கேனில் பயமில்லை என்று தெரியும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் விழித்ததும் அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சாரி அங்கிள். நல்ல நாள்ல பேய் வேஷம் போட்டேன், அதான் இப்படி ஆயிருச்சு. நீங்க அப்பவே சொன்னீங்க. அப்பாகிட்ட வேஷத்தைப் பத்திச் சொல்லிராதீங்க, ப்ளீஸ்."

அப்படியே விட்டிருக்கலாம். பழி முழுக்க அவள் மேல் போயிருக்கும், என் பேருக்கு ஒன்றும் வந்திருக்காது. அவள் அப்பா பஸ் பிடித்துப் பதறிக்கொண்டு வந்தார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"உங்க பொண்ணு மேல தப்பில்லைங்க. நான் நடு ரோட்டுல உடைச்ச பூசணிக்காய்ல சறுக்கி விழுந்துச்சு. விழுந்ததைப் பார்த்தும், நடிக்குதுன்னு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவர் கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எவ்வளவு நேரமுங்க அப்படியே கெடந்துச்சு?"

அவள் குணமாகி, படிப்பையும் முடித்துப் போய்விட்டாள். ஆனாலும் யாராவது என்னை வெறுங்கையோடு வந்து ஜெயித்த துணிச்சல்காரன் என்று புகழ்ந்தால், ஒரு பெண் பிள்ளை ரத்தத்தில் கிடக்க, பொரி கொறித்துக்கொண்டு நான் எழாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.