ஏட்டில் பதினெட்டு குடல்வால்

போர்ட் பிளேரில் நான் சர்ஜரி படித்த மூன்று வருடங்களை வெகு நேர்த்தியாக வகுத்திருந்தார்கள். முதல் வருடம் ரத்தம் எடுப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, ஸ்கேன் அறையில் போய்க் கெஞ்சுவது. இரண்டாம் வருடம் ரிட்ராக்டர் பிடிப்பது, அதாவது எங்கள் யூனிட் சீஃப் சர்ஜன் அறுக்கும்போது வயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு கால் மரக்க நிற்பது. மூன்றாம் வருடம் நாமே அறுப்பது. மூன்றாம் வருடமும் வந்தது. நான் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து முதல் ஃபெரியில் வந்து, ரிட்ராக்டரே பிடித்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை ஆபரேஷன் பார்த்தாய், எத்தனையில் உதவினாய், எத்தனை தனியாகச் செய்தாய் என்று எழுத ஒரு லாக்புக் உண்டு. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். ஆகவே ரிட்ராக்டர் பிடித்ததையெல்லாம் செய்ததாக எழுதுவது எங்கள் யூனிட் வழக்கம். சீஃப் டீ குடித்துக்கொண்டே, ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அந்தக் கணக்கில் நான் பதினெட்டு குடல்வால் எடுத்தவன். நிஜத்தில் ஒன்றுகூட இல்லை. வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. எல்லோரும்தான் எழுதினோம்.

ஒரு மழைநாள் காலை ரவுண்ட்ஸில் சீஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கியிருந்தது. குடல்வால்தான் என்று அவரே சொன்னார். இன்னொரு சர்ஜன் கார் நிக்கோபார் முகாமில் இருந்தார். ஹெலிகாப்டர் கிளம்பவில்லை, மெயின்லேண்ட் விமானமும் ரத்து. மாலைவரை விட்டால் வெடித்துவிடும். மிச்சமிருந்தவன் நான்.

முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். ஆள் முழு விழிப்பு. முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி.

"டாக்டர் சாப், சுரூ கரோ" என்று ஆரம்பிக்கச் சொல்லி வங்காளி சிஸ்டர் கத்தியை நீட்டினார். ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்கும் நாள் வந்துவிட்டது. கத்தியை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று பார்த்தேன்.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நீ தனியா எத்தனை பண்ணிருக்க?"

"லாக்புக்ல பதினெட்டு சார்."

"லாக்புக்கைக் கேக்கல. சச் போல்."

பொய் சொன்னால் அவர் உயிர் போகலாம். உண்மை சொன்னால் என் பரீட்சை போகும்.

"ஒண்ணுமில்ல சார். பிடிச்சது மட்டும்தான்."

"அப்ப நான் போட்ட கையெழுத்து?"

"படிக்காமப் போட்டீங்க சார்."

சிஸ்டர் தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவு பயத்திலும் எனக்கு உள்ளே ஒரு கெட்ட சந்தோஷம்.

சீஃப், "தொப்புளுக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் நடுவுல ஒரு கோடு நினைச்சுக்கோ. அவசரப்படாத. ஒவ்வொரு அடுக்கா சொல்றேன்" என்றார். சொன்னார். எங்கே வெட்டுவது, தசையை எப்படி விலக்குவது, எந்த இடத்தில் ரத்தம் வரும், முடிச்சு எவ்வளவு இறுக வேண்டும், எல்லாம் சொன்னார். அவ்வளவு பொறுமையான வாத்தியார் அவருக்குள் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

பிழைத்துக்கொண்டார். நாலாம் நாள் வார்டில் நடந்தார். மூன்று வருடத்தில் எனக்குப் பாடம் நடந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்கும் அவர் வயிறு வலிக்க வேண்டியிருந்தது.