அம்மாவும் அப்பாவும் கொடுத்த சத்தியக்கடதாசி

சட்டபீடத்தில் இரண்டாம் வருடம் முடிந்த விடுமுறையில், இரத்தினபுரி நகரத்தில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. குருவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாய் பஸ் ஏறுவேன். நெரிசலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வந்தாலும், நாட்டின் சட்டமே என்னை நம்பித்தான் இருக்கிறது என்ற நினைப்பு. அங்கே நான் செய்ததெல்லாம் ஃபைல் கட்டுவதும் போட்டோக்கொப்பி எடுப்பதும்தான்.

அந்த அலுவலகத்துச் சட்டத்தரணி மேடம் சிங்களவர். தமிழ் கேட்டால் விளங்கும், எழுத வராது. அதனால் தோட்டத்து ஆட்கள் வந்தால் அவர்களுடைய கடதாசிகளை எழுதும் வேலை மெல்ல என் தலையில் விழுந்தது. எழுதியதை உறுதிப்படுத்திக் கையொப்பமிட ஒரு சமாதான நீதவான் தினமும் காலையில் வருவார். ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர். மற்ற இடங்களில் அரை நிமிடத்தில் முத்திரை குத்திவிடுவார்களாம். இவர் அப்படியில்லை. ஒவ்வொரு வசனமாகச் சத்தமாக வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் "இது உண்மையா?" என்று கேட்பார். சம்பந்தப்பட்டவர் வாயைத் திறந்து உண்மை என்று சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் போகும். இந்த மனிசனிடம் மாட்டினால் பகல் சாப்பாடு போச்சு என்று நான் முணுமுணுக்காத நாளில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு விவகாரம் வந்தது. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஏழு பேர்ச்சஸ் காணியில் எங்களுக்கு ஒரு தனிவீடு கட்டி முடிந்திருந்தது. காணி உறுதிப் பத்திரம் எழுத விவரம் எடுக்க வந்த அதிகாரி, அப்பா பெயரைக் குறித்துக்கொண்டு எழும்பிவிட்டார். அம்மா விடவில்லை. தன் பெயரையும் போடும்படி நல்ல சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அப்படியென்றால் மாத முடிவுக்குள் கல்யாணச் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

"நீதான் லோயராச்சே, எடுத்துக் குடு," என்றார் அம்மா.

அதென்ன பெரிய வேலை, ஒரே நாளில் எடுக்கலாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, எங்கே பதிந்தீர்கள் என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். பதியவே இல்லை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள், லயமே சாப்பிட்டது, அடுத்த நாள் இரண்டு பேரும் ரப்பர் பால் வெட்டப் போனார்கள். அவ்வளவுதான் கல்யாணம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடும்பச் சட்டத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தவள் நான். என் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்கள் என்று இருக்கிறதே என்று கேட்டேன். "கேட்டாங்க, ஆமான்னேன்," என்றார் அம்மா.

சரி, இப்போது பதிந்தால் போகிறது என்று பதிவாளர் கந்தோரில் படிவம் வாங்கி, நானே நிரப்பிக் கொண்டுபோனேன். அம்மா வாசித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மணமகளின் தற்போதைய நிலை என்ற இடத்தில் 'விவாகமாகாதவர்' என்று எழுதியிருந்தேன். படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"மூணு புள்ள பெத்து, ஒண்ண லோயருக்குப் படிக்க வெச்சிருக்கேன். கல்யாணம் ஆகாதவன்னு நான் கையெழுத்துப் போடணுமா? அப்ப இத்தன வருஷம் யாரு வீட்டுல சோறாக்கினேன்?"

இது வெறும் சம்பிரதாயம், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று விளக்கினேன். விளக்கம் கொஞ்ச நேரத்தில் கத்தலாகிவிட்டது. எனக்கு வாய் நீளம், அது அம்மா தந்த சீதனம். அதோடு அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினார். பக்கத்திலேயே நான் இருக்க, "சோறு ஆறிப் போகுதுன்னு அவகிட்ட சொல்லுங்க," என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா தபால்காரர் மாதிரி இரண்டு அடி திரும்பி அதை அப்படியே என்னிடம் சொல்வார்.

இரண்டாம் நாள் அப்பாவும் பொறுமை இழந்து அம்மாவிடம், பேசாமல் விடு, என் பேர் இருந்தால் என்ன, உன் பேர் இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்றார்.

"ஒண்ணுன்னா என் பேரே இருக்கட்டுமே," என்றார் அம்மா. "செக்ரோல தவிர இந்த உலகத்துல எங்கயுமே என் பேரு இல்ல."

கூலி போடும் அந்தப் பதிவேட்டையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் தவிர அம்மாவின் பெயர் எழுதிய இடம் எனக்கும் நினைவுக்கு வரவில்லை. மாத முடிவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

மறுநாள் வெட்கத்தை விட்டு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, வழக்கப்படி கட்டினாலும் கல்யாணம் கல்யாணம்தானே, நீ படிக்கவில்லையா என்று கேட்டார். படித்திருந்தேன். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியுமிருந்தேன். என் வீட்டுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேடம் அந்த அதிகாரிக்குப் போன் எடுத்தார். கல்யாணம் நடந்தது உண்மை என்று இரண்டு பேரும் சேர்ந்து சத்தியக்கடதாசி கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். அலுமாரியிலிருந்து ஒரு பழைய கடதாசியை எடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றி, ஒரே மூச்சில் டைப் செய்தேன்.

காலையிலேயே மழை பிடித்து பால் வெட்டு நின்ற ஒரு நாளில் இருவரும் வந்தார்கள். அம்மா மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார். அப்பா தலைக்கு அளவுக்கு மீறி எண்ணெய் வைத்திருந்தார். பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சு என்று நான் சொன்னதும் அம்மா என் கையில் கிள்ளினார். பேச்சு திரும்பிவிட்டது என்று புரிந்தது.

சமாதான நீதவான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியது உண்மையா? உண்மை. அன்றிலிருந்து ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது உண்மையா? அப்பா தயங்கி, கூரைத் தகரத்தை மட்டும் இரண்டு தரம் மாற்றினோம் என்றார். அடுத்த அறையிலிருந்து மேடம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இருவரும் முழு மனச் சம்மதத்துடன் விவாகம் செய்துகொண்டோம். இது உண்மையா?"

அப்பா உண்மை என்றார். அம்மா வாயே திறக்கவில்லை. பழைய கடதாசியில் இருந்த வசனம் அது. நான் யோசிக்காமல் அப்படியே இறக்கியிருந்தேன்.

"சொல்லுங்க தங்கச்சி," என்றார் நீதவான்.

"அன்னைக்கு என்னை யாரும் கேக்கலிங்க," என்றார் அம்மா. "மாமா வந்து தேதி சொன்னாரு. வேல முடிஞ்சு வந்தேன், சேல எடுத்து வெச்சிருந்தாங்க. சத்தியம் பண்ணுற எடத்துல பொய் சொல்லலாமா?"

நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பொய் இருந்தால் நான் கையொப்பம் வைக்கமாட்டேன் என்றார். இத்தனை பாடுபட்டு என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்பா கதிரையைத் திருப்பிப் போட்டு அம்மாவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இப்ப கேக்குறேன். ஒனக்குச் சம்மதமா?"

அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார், நிஜமாகவே யோசிக்கிறவர் போல. அப்பாவின் நெற்றியில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வழிந்தது.

"உறுதியில என் பேரு முதல்ல வரணும்," என்றார் அம்மா. "அப்படின்னா சம்மதம்."

"வரட்டும்."

அந்த வசனத்தை வெட்டிவிட்டு, நீதவான் சொல்லச் சொல்ல புதிதாக டைப் செய்தேன். 'விவாகத்தின்போது என்னிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று என் கணவர் கேட்டார். சம்மதித்தேன்.' அவர் மறுபடியும் வாசித்து, இது உண்மையா என்று கேட்டார். அம்மா உண்மை என்று சொன்ன சத்தம் வீதிவரை கேட்டிருக்கும்.

உறுதி வந்த அன்று, அம்மாவின் பெயர் முதலிலும் தன் பெயர் அதற்குக் கீழேயும் இருப்பதை அப்பா லயம் முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோய்த் தானே வாசித்துக் காட்டினார்.