இருநூறு கிலோமீட்டரில் மூன்று

இரக்கப்படுகிறவர்களைக் கண்டாலே கொளஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வரும். புதுச்சேரியில், சாரம் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், வயது நாற்பத்து நாலு. மூன்று வயதில் வந்த போலியோ இடது காலைக் குச்சியாக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஊரே அவரைத் தூக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடப் படியில் வாத்தியார் தூக்கினார், பஸ்ஸில் கண்டக்டர் தூக்கினார், சொந்தக் கல்யாணத்தில்கூட இரண்டு பேர் மணமேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "யாருடா உங்களக் கேட்டது?" என்று மாலையும் கழுத்துமாக அவர் கத்தியது வீடியோவில் இன்றும் இருக்கிறது.

அந்த எரிச்சலில்தான் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார். காலை ஐந்து மணிக்குக் கருவடிக்குப்பத்தில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டர் போய், மாலை ஆறரைக்குள் திரும்ப வேண்டும். முடித்தவர்களின் அட்டையில் முத்திரை குத்துவார்கள். வழியில் யார் உதவியும் வாங்கக் கூடாது. அந்த ஒரு விதிக்காகவே அவருக்கு இந்த ஓட்டம் பிடித்துப்போனது. போன வருடம் மரக்காணத்தில் தொடை பிடித்துக்கொள்ள, பாதியிலேயே வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் தானாக வந்து சேர்ந்தே ஆக வேண்டும்.

"இது உடம்பால ஓட்டுறது இல்ல, மனசால ஓட்டுறது" என்று கிளம்பும்போது மைக்கில் முழங்கினார் அமைப்பாளர் செம்மல். கொளஞ்சிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டு காலும் நன்றாக இருக்கிறவருக்கு மனசு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது!

திரும்பும்போது எதிர்காற்று. மிதிப்பதெல்லாம் வலது கால்தான். வலி தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறியது. மனவலிமை என்று மேடையில் சொல்கிறார்களே, கொளஞ்சியிடம் அதற்குப் பெயர் கோபம். தன்னைத் தூக்கியவர்களை ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே மிதித்தார். வாத்தியாருக்கு ஒரு கிலோமீட்டர், கண்டக்டருக்கு ஒரு கிலோமீட்டர்.

கனகசெட்டிக்குளம் தாண்டும்போது மணி ஐந்து. இன்னும் பன்னிரண்டே கிலோமீட்டர். அப்போது பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மனைவியின் தம்பி ராஜவேல். பெட்ரோல் தீர்ந்த வண்டியை நம் ஊரில் எப்படித் தள்ளுவார்களோ அப்படியே, ஒரு காலை நீட்டி சைக்கிளின் பின்பக்கம் முட்டுக்கொடுத்து முறுக்கினான்.

"மாமா, ஹேண்டில மட்டும் புடிச்சுக்க! நான் பாத்துக்குறேன்!"

"கால எடுடா நாயே!"

காற்றில் அவனுக்கு என்ன கேட்டதோ, இன்னும் முறுக்கினான். பிரேக் பிடித்தால் இரண்டு பேரும் விழ வேண்டியதுதான். காலாப்பட்டு வேகத்தடையில்தான் காலை எடுத்தான். அதற்குள் மூன்று கிலோமீட்டர் போயிருந்தது.

கொளஞ்சி இறங்கி அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு சைக்கிளை வந்த வழியே திருப்பினார்.

"எங்க மாமா போற? யாரும் பாக்கல!"

"நீ தள்ளுனத நான் ஓட்டணும்டா!"

கனகசெட்டிக்குளம்வரை திரும்பிப் போய், அந்த மூன்று கிலோமீட்டரையும் காற்றுக்கு எதிராகத் தானே மிதித்து வந்தார். தொடை இரண்டு முறை பிடித்துக்கொண்டது. முஷ்டியால் குத்திக் குத்தி அதை ஓட்டவைத்தார். கருவடிக்குப்பம் வந்தபோது ஆறு இருபத்தாறு. கைதட்டினார்கள். அவர் அதைக் காதில் வாங்காமல், நடந்ததைத் தானே செம்மலிடம் சொன்னார்.

"பரவால்லங்க, அதான் திரும்பப் போய் ஓட்டிட்டீங்களே. உங்க நெலமைக்கு விதியெல்லாம் பாக்க வேணாம்" என்று செம்மல் முத்திரையை எடுத்தார்.

கொளஞ்சி அட்டையைக் கையால் மூடினார். "வேற ஒருத்தன இப்படித் தள்ளியிருந்தா என்ன செய்வீங்க?"

"தகுதி இல்லன்னு எழுதுவோம்."

"அதையே எழுதுங்க."

"எவ்ளோ கஷ்டப்பட்டு வந்திருக்கீங்க, கொளஞ்சி..."

"எழுதுய்யா!"

செம்மல் எழுதிக் கொடுத்தார். கொளஞ்சி அதை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறந்ததிலிருந்து முதன்முறையாக, எல்லோரையும் தோற்கடிப்பது போலவே அவரையும் தோற்கடித்திருந்தார்கள்.