அண்ணனின் கணினிக்குத் தண்ணீர்

கோடை அறுவடை நடந்த வாரத்தில் அண்ணனின் கணினி ஒரு நாளைக்கு நாலைந்து முறை தானாகவே அணைந்தது. துபாயிலிருந்து திரும்பிய அண்ணன், எங்கள் வீட்டு முன்னறையில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் நடத்துகிறார். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டால் நெல்தூசி ஜன்னல் திரையைத் தாண்டி உள்ளே வந்து, கணினியின் விசிறிகளில் அப்பிக்கொள்ளும். வெளியே வெயில், உள்ளே புழுக்கம். மாப்பிள்ளை ஊர்வலத்தின் நடுவில் திரை கறுத்துப்போகும்.

எனக்கு அப்போது ஹைதராபாத்தில் முதுகலை இலக்கியம் படிக்க இடம் கிடைத்திருந்தது. சேர்கிறேனா இல்லையா என்பதை மாத முடிவுக்குள் தெரிவிக்க வேண்டும். சவுதியில் இருக்கும் அத்தா, அதாவது அப்பா, "அண்ணன் சரின்னா சரிம்மா" என்று தொலைபேசியில் முடித்துக்கொண்டார். அண்ணனோ, "மொதல்ல இந்த சிஸ்டத்துக்கு ஒரு வழி பண்ணு. அப்பறம் ஒன் படிப்பப் பத்திப் பேசுவோம்" என்றார்.

ஆகவே வாசித்தேன். ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துத் தமிழில் சொல்வது எங்கள் வீட்டில் என் வேலை. விசா விதிகள், மருந்துச் சீட்டு, வாஷிங் மெஷின் கையேடு எல்லாம் என் வழியாகத்தான் உள்ளே வரும். விசிறியை மட்டும் நம்பாமல் கணினியைத் திரவத்தால் குளிர்விக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது. பம்ப்பும் குழாயும் ரேடியேட்டரும் ஒன்றாக இணைத்து, திரவத்தை உள்ளே நிரப்பி மூடியே விற்கிறார்கள். திருகி மாட்டிவிட்டு மறந்துவிடலாம். மற்றதில் ஒவ்வொன்றையும் தனியாக வாங்கி நாமே இணைக்க வேண்டும். திரவம் ஊற்றி, கசிவு பார்த்து, அவ்வப்போது வடித்து மாற்றவும் வேண்டும். நான் விரும்பியது முதலாவதை. நான் இல்லாத வீட்டிலும் அது ஓடும்.

அந்தக் காரணத்தை அண்ணனிடம் சொல்லவில்லை. படித்ததை மட்டும் சொன்னேன்.

"மூடி வர்றது ப்ராசஸர மட்டுந்தாண்ணே குளுர வைக்கும். கிராபிக்ஸ் கார்டோட சூடு அப்படியேதான் இருக்கும்."

"நம்மளுதுல எது சூடாவுது?"

"ரெண்டும்."

"அப்ப நாமளே கட்டிருவோம்."

கிராபிக்ஸ் கார்டு பற்றிய வாக்கியத்தை நான் படிக்காமல் தாண்டியிருக்கலாம். வாக்கியங்களைத் தாண்டிப் போக எனக்குப் பழக்கமில்லை.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "கரண்டு ஓடுற பொட்டிக்குள்ள தண்ணி விடப் போறீங்களா? ரெண்டு பேருக்கும் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு."

"ஊட்டுக்குள்ள ஒரு வாய்க்கா வெட்டுறோம்மா" என்றார் அண்ணன்.

"வெட்டு, வெட்டு. மேட்டூர் தொறக்கலன்னா ஒன் கல்யாண வீடியோ எல்லாம் கருகிப்போவும்."

அவர் சிரித்தார். நான் விடாமல் சொன்னேன். "அதுல வேல ஜாஸ்திண்ணே. கசிஞ்சா போர்டே போயிரும். அடிக்கடி யாராவது பாத்துக்கணும்."

"அதான் நீ இருக்கியே."

"நான் இல்லன்னா?"

"நீ எங்க போற?"

கோபத்தில் கேட்கவில்லை. சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்க, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஹைதராபாத்" என்றேன்.

"ஆமால்ல" என்றார் அண்ணன். "இத மாட்டிட்டுப் பேசுவோம்."

சென்னையிலிருந்து பாகங்கள் வந்தன. குழாய்களை அளந்து வெட்டினேன். பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, இணைப்புகளின் அடியில் காகிதத் துண்டுகளை வைத்து, பம்ப்பை மட்டும் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டேன். காகிதம் ஈரமாகவில்லை. மறுநாள் ஒரு முழு வீடியோ தடங்கலின்றி முடிந்தது. அண்ணன் வருகிறவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினார். "தங்கச்சி கட்டுனது."

வந்தவர் ஒருவர் கேட்டார், "இத யாரு பாத்துக்குவா தம்பி?"

"அவதான்" என்றார் அண்ணன். நான் முன்னறை வாசலின் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

மாதக் கடைசியில் நானே போய்க் கேட்டேன். "பேசுவோம்னீங்க."

அவர் கணினிப் பெட்டியின் கண்ணாடிப் பக்கத்துக்குள் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். "கும்பகோணத்துலயே சேந்துக்கயேன். பஸ்ஸு நம்ம வாசல்லயே நிக்கிது. நீ போயிட்டா இத நான் தொடவே மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

உத்தரவாக இருந்திருந்தால் மறுத்திருப்பேன். அது பயம். அந்தப் பயத்துக்கான காரணங்கள் ஒவ்வொன்றையும் பிழையில்லாத தமிழில் அவருக்குச் சொன்னவள் நான்தான். அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

இப்போது கும்பகோணத்தில் படிக்கிறேன். வகுப்பு முடியும் நேரத்தில் சில நாட்கள் அண்ணனிடமிருந்து செய்தி வரும். தண்ணி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி தெரியுது, எப்ப வருவ. குறைந்திருக்காது என்று எனக்குத் தெரியும். வர்றேண்ணே என்று பதில் போட்டுவிட்டு, நூலகத்துக்குப் போகாமல் பேருந்து நிலையத்துக்கு நடக்கிறேன்.