முட்டை நாற்றம் அடித்த அறை

காலையில் அடுப்பில் முட்டையை வைத்துவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுண்டி, முட்டை வெடித்து, வீடு முழுக்க நாற்றம். மூக்கைப் பிடிக்க வேண்டியவள் சிரித்துக்கொண்டு நின்றேன். என் முதல் வேலையின் வாசனை அது!

ஓட்டல் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இதே திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் கவுன்சிலர். ஒன்பதாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்பது என் பொறுப்பு. முதல் நாள், என் அறை எங்கே என்று கேட்டதும் ஆபீஸில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார்கள். ப்ளஸ் டூ பிள்ளைகள் உப்பைச் சோதிக்கும் நாட்களில் அழுகின முட்டை நாற்றம் அங்கே குடலைப் பிடுங்கும். இரண்டு ஸ்டூல், ஒரு அலமாரி, சாத்தினால் சாத்திக்கொள்ளும் மரக்கதவு. அழுதேன் என்று சொல்ல கௌரவம் இடம் தரவில்லை, கண் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த நாற்றத்தைப் போல ஒரு காவல்காரன் கிடைக்கமாட்டான். எந்த வாத்தியாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உள்ளே அழுதுவிட்டு வெளியே போகிற பிள்ளை, "லேப் நெடிடி, கண்ணெல்லாம் எரியுது" என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்குப் போய்விடும்.

அப்படித்தான் நிவேதா வந்தாள். பத்தாம் வகுப்பு. அப்பா செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் சமையல்காரர். வெள்ளைக்காரர்களுக்குக் காரமில்லாத சாம்பார் வைப்பவர். "கணக்குன்னாலே கை நடுங்குது மிஸ்" என்றாள். நான் புதுசு இல்லையா, கடமையுணர்ச்சி பொங்க, ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே அதை அப்படியே எழுதிவைத்தேன். அடுத்த வாரம் வந்து மீதியைச் சொன்னாள்: "பின்னால யாராவது நின்னாதான் மிஸ் நடுங்குது. சார் ஸ்கேலோட வந்து நிப்பாரு."

ஸ்டூலை இழுத்துப்போட்டு, முதுகு சுவரில் படும்படி உட்காரவைத்து ஒரு கணக்குக் கொடுத்தேன். நடுங்காமல் போட்டு முடித்தாள். இதையும் எழுதிவைக்க வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். போனால், நிவேதாவின் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு கடிதம். மகளுக்கு டி.சி. வேண்டுமென்று அவரே கேட்பதுபோல ஆபீஸிலேயே டைப் அடித்தது. பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சியை அவள் கெடுத்துவிடுவாளாம். வெளியே அனுப்பிவிட்டால், தனியாகப் பரீட்சை எழுதி எப்படியோ போகட்டும். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். தாளாளர் என் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"பாருங்க, எங்க கவுன்சிலரே எழுதியிருக்காங்க. கணக்குன்னாலே கை நடுங்குதாம். பொண்ணு ஒடம்பு என்னாவறது?"

அந்த மனிதர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் எழுதின வரி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"போடாதீங்கண்ணா" என்றேன். "நீங்க போடலைன்னா இவங்களால அனுப்ப முடியாது. நான் எழுதனது பாதிதான். கணக்கு வாத்தியார் ஸ்கேலோட பின்னால நிக்கறதாலதான் நடுங்குது. அத நான் எழுதல, என் தப்பு."

"மேடம், நீங்க எந்த ஸ்கூல்ல வேல செய்யறீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். புள்ளைய வெளிய தள்றது என் வேல இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்தார். "பாப்பா இங்கயே எழுதட்டுங்க."

எழுதினாள். கணக்கில் ஃபெயில்! ஹாலில் சூப்பர்வைசர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாராம். நூறு உடைந்தது. கேட்டில் வழக்கமாகக் கட்டும் பேனர் அந்த வருஷம் இல்லை. எனக்கும் சீட்டுக் கிழிந்தது. துணைத்தேர்வில் அதே கணக்கைப் பாஸ் செய்துவிட்டு, அப்பாவும் மகளும் கேசரியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். டி.சி.யோடு போயிருந்தால் அவள் மறுபடி புத்தகத்தைத் தொட்டிருப்பாளா? நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் வரச்சொல்லுங்கள், ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

போன மாதம் அக்காவால் வரமுடியாமல், அவள் மகளின் பெற்றோர் கூட்டத்துக்காக அதே பள்ளிக்குப் போனேன். ஸ்டோர் ரூமை இடித்துவிட்டார்கள். இப்போது வராந்தா நடுவில் கவுன்சிலிங் அறை. ஏசி, மேஜையில் பிளாஸ்டிக் பூ, நாலு பக்கமும் கண்ணாடி, மூலையில் கேமரா. உள்ளே ஒரு மாணவி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். நானும் நின்றேன். அப்புறம்தான் உறைத்தது.

பெற்றோர் கருத்து எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கினேன். இந்த முறை பாதியில் விடவில்லை. முழுசாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்: "இங்கே ஒரு சுவரும் ஒரு மரக்கதவும் இருந்தன. காணவில்லை. திருப்பி வையுங்கள்."